மயிரிழை

நவம்பர் இரவுகளில் என் ஹெட்செட்டுக்குள்
மான்கள்தாம் அதிகம் வரும்.
வடக்கு விஸ்கான்சினில் அவற்றுக்கு அது மோகக் காலம்.
இரு பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடக்கிற மாதம்.

பதினொன்று நாற்பதுக்கு ஆர்லிஸ் டோர்கர்சன் அழைத்தார்.
பள்ளிக்கூடச் சமையற்காரி, ஐம்பத்தெட்டு வயது.
வண்டி பழைய ப்யூயிக்.
நிறம் கேட்டால், "ஒருகாலத்தில் நீலம்."
"உங்களுக்கு அடி ஏதும்?"
"உதட்டில். நானே கடித்துக்கொண்டது."

அடுத்து, திரையில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கேள்வி:
மான் வண்டியில் பட்டதா?

பட்டிருந்தால் அது தலைவிதி.
ஆலங்கட்டி, திருட்டு, தீ, முறிந்து விழுந்த கிளை
எல்லாவற்றோடும் மான் ஒரே பந்தியில் உட்காரும்.
முதல் இருநூற்றைம்பது டாலர் உங்களுடையது,
மிச்சம் எங்களுடையது.
அந்தப் பந்திக்கு மாதம் ஒன்பது டாலர்,
ஆர்லிஸ் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

படாமல்,
நீங்களாக ஸ்டீயரிங்கை ஒடித்து வேலியில் மோதினால்
அது உங்கள் கை செய்தது.
அதற்குத் தனிக் காப்பீடு. மாதம் முப்பத்தொன்று.
இரண்டு வருடம் முன்பு, சமையற்கட்டில் வேலை நேரத்தைக் குறைத்தபோது
இதே எண்ணுக்குப் பேசி அதை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்.
"வண்டியே அவ்வளவு பெறாது என்கிறார், சிரிக்கிறார்"
என்று ஒரு குறிப்பு.
எழுதியது நான்.

"பட்டதா?"
இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று
எடுத்த எடுப்பிலேயே ஒரு குரல் சொல்லிவிட்டிருந்தது,
எங்கள் இருவருக்குமாக.
அதனால் மெதுவாகக் கேட்டேன்,
கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே
ஆள் ஒருவர் நுழைந்து போகிற அளவு இடம் விட்டு.
கிரில்லில் ஒற்றை மயிர்.
சர்வேயர் டார்ச் அடித்துத் தேடுவது அதைத்தான்.

"இல்லை" என்றார்.
"மயிரிழையில் தப்பிவிட்டது.
பாதி வளர்ந்தது. அதன் கண்ணுக்குள்
என் இரண்டு விளக்கையும் பார்த்தேன்.
பிறகு வால், வெள்ளையாக. அவ்வளவுதான், போய்விட்டது."
பரீட்சையில் தேறியவர்போல
குரலில் ஒரு சந்தோஷம்.

நான் விளக்கினேன்.
பந்தியை, கையை, முப்பத்தொரு டாலரை.
"அப்படியென்றால் இடித்திருக்க வேண்டுமா?"

இழப்பைக் கேட்டு அழைப்பவர்களிடம் நான் சொல்லலாம் என்று
அச்சடித்துத் தந்திருப்பவை ஏழு வாக்கியங்கள்.
எட்டாவதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"வேலி யாருடையது?"
"லீராய் ஸாஸ்ட்ரோ. சோளக்காட்டுக்காரர்."
"அதற்கு நாங்கள் தருவோம்.
அடுத்தவருக்கு நீங்கள் செய்த சேதம்.
இந்த மாநிலத்தில் அந்தப் பகுதி இல்லாமல்
நீங்கள் சாவியைத் திருப்பவே கூடாது."
"அவர் வேலிக்கு உண்டு. என் வண்டிக்கு இல்லை."
"ஆமாம்."
உப்புப் போதுமா என்று பார்ப்பவர்போல
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"அது நியாயம்தான், ஒருவிதத்தில்."
பிறகு, "ஒருவிதத்தில்தான்."

கோப்பை மூட ஒரு கையெழுத்து பாக்கி.
டிசம்பரில் நானே அழைத்தேன்.
ப்யூயிக் முற்றத்தில் பனி மூடி நிற்கிறதாம்.
வேலைக்குப் பிள்ளைகளோடு மஞ்சள் பஸ்ஸில்,
டிரைவருக்குப் பின் இருக்கை.
"ஒன்பது டாலரை நிறுத்தட்டுமா?"
"வேண்டாம், வண்டி வெளியில்தானே நிற்கிறது.
ஆலங்கட்டி விழுந்தால்?"

வைக்கப்போகும்போது சொன்னார்:
"புது வேலியைத் தினமும் பார்க்கிறேன்.
செடார் மரம். அழகாகத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்.
நேற்று அதுவும் வந்திருந்தது, அதேதான் என்று நினைக்கிறேன்.
ஒரே தாவு.
படவே இல்லை."